காரையும் ஓதமும்: திருப்பதி வட்டாரத்துப் பழைய வீடுகளின் உட்புற மீட்டமைப்பு

பழைய குடும்ப வீடொன்றின் உட்புறத்தை மீட்டெடுக்க முனைவோர் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும் கேட்டிலிருந்தே தொடங்குகின்றனர். உப்புப் பூத்துப் பொரிந்த சுவருக்குச் சிமெண்டுப் பூச்சும், தேய்ந்த தரைக்கு வழவழப்பான டைல்ஸும், புகையேறிக் கறுத்த கதவுக்கு வார்னிஷும் என்று வேலை நடந்து, ஒரு நல்ல நாளில் வீடு புதுப்பொலிவுடன் திறக்கப்படுகிறது. ஆனால் சில மழைக்காலங்களுக்குள் அதே சுவர் அதே இடத்தில், முன்னைவிட அகலமாக, மீண்டும் உதிரத் தொடங்குகிறது. திருப்பதி, சந்திரகிரி, புத்தூர், நகரி, ஸ்ரீகாளஹஸ்தி, சித்தூர் ஆகிய ஊர்களின் பழைய தெருக்களில் எளிதில் காணக்கூடிய இந்தக் கேட்டுக்குக் கொத்தனாரின் கைக்குறையோ பொருளின் தரக்குறைவோ முதற்காரணம் அன்று. மண்ணாலும் சுண்ணாம்பாலும் எழுப்பப்பட்ட வீட்டுக்குள் நீர் வருவதற்கும் திரும்பிப் போவதற்கும் ஒரு வழி இருந்தது. அந்த வழி அடைபட்டதுதான் காரணம். அதனால் பழைய வீட்டின் உட்புறத்தை மீட்பது என்பது முதலில் அந்த நீர்வழியை மீட்பதே ஆகும் என்பதும், நிறம், தரை, கதவு, தூண் ஆகிய மற்ற அனைத்தும் அதன் பின்னரே வரவேண்டும் என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

இந்த வட்டாரத்தின் வீட்டைத் தமிழ் வீடு என்றோ தெலுங்கு வீடு என்றோ ஒரு சொல்லில் அடக்கிவிட முடியாது. சித்தூர் மாவட்டம் 1911ஆம் ஆண்டில்தான் உருவாக்கப்பட்டது. அதற்கு முன் இதன் பெரும்பகுதி வட ஆர்க்காட்டோடு இருந்தது. 1960ஆம் ஆண்டில் திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. 2022ஆம் ஆண்டில் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. எல்லைகள் இவ்வாறு மாறிக்கொண்டிருந்தபோதும், வீடு கட்டும் கைகளும் அவற்றின் சொற்களும் இரு மொழிகளுக்கும் இடையே தடையின்றிப் போய்வந்தன. தமிழர் திண்ணை என்பதைத் தெலுங்கர் ‘அருகு’ என்பர். நாற்புறமும் தாழ்வாரம் சூழ நடுவில் வானம் தெரியும் முற்றத்தை ‘மண்டுவா’ என்பர். கூரையைத் தாங்கும் பெரிய குறுக்குமரம் இரு மொழியிலும் தூலமே. ஓட்டு வீட்டிலிருந்து பிரித்துக் காட்டுவதற்காகத் தளம் போட்ட வீட்டை வட ஆர்க்காட்டுத் தமிழர் ‘மெத்தை வீடு’ என்று சொல்ல, ராயலசீமைத் தெலுங்கர் ‘மித்தெ’ என்று சொல்வது ஒலியாலும் பொருளாலும் நெருங்கிய வழக்காகும். மீட்டமைப்பைத் திட்டமிடுவோர் இந்தச் சொற்களைக் கேட்டு எழுதிவைப்பது வெறும் ஆர்வத்துக்காக அன்று. ஒரு பகுதிக்குப் பெயர் இருந்தால் அதற்கு ஒரு வேலையும் இருந்திருக்கும். அந்த வேலையை அறியாமல் அப்பகுதியை மாற்றும்போதுதான் வீடு நோய்ப்படுகிறது.

மெத்தை வீட்டின் தலையாய உறுப்பு அதன் தளம். வசதி படைத்த வீடுகளில் அது ‘மெட்ராஸ் டெரஸ்’ என்று பொறியாளர்கள் குறிப்பிடும் முறையில் அமைந்தது. தூலங்களின் மேல் நெருக்கமாக மரச் சட்டங்களை வைத்து, அவற்றின் மேல் மெல்லிய செங்கற்களைச் செங்குத்தாக, மூலைவாட்டில், சுண்ணாம்புச் சாந்தில் நிறுத்தி, அதன்மேல் உடைத்த செங்கல்லும் சுண்ணாம்பும் கலந்த கலவையைப் பரப்பி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்தபடி பல நாட்கள் மரக்கட்டையால் அடித்து இறுக்கி, இறுதியில் தட்டோடு பதிப்பது அம்முறை. எளிய வீடுகளிலும், மேற்கே மதனப்பள்ளி நோக்கிச் செல்லும் வறண்ட மேட்டுநிலத்து வீடுகளிலும், மரத்தின் மேலோ கற்பலகையின் மேலோ தழையையும் மண்ணையும் பரப்பி, மேலே சவுட்டு மண்ணைப் போட்டு மூடினர். சவுட்டு மண் என்பது சோடியம் மிகுந்த உவர்க் களிமண். நனைந்ததும் அதன் நுண்துகள்கள் பிரிந்து பரவி இடுக்குகளை அடைத்துக்கொள்வதால், பயிருக்கு ஆகாத அந்த மண்ணே மழையைத் தடுக்கும் கூரையாக மாறியது. மழைக்கு முன் கூரையில் புதிய சவுடு இடுவது வீட்டுக்கான ஆண்டுக் கடமையாக இருந்தது. பழையதை வழிக்காமல் புதியதை மட்டும் இட்டுக்கொண்டே போன வீடுகளில் கூரையின் எடை கூடி, தூலம் நடுவில் வளைந்து, அதன் முனை சுவருக்குள் பதிந்திருக்கும் இடத்தில் வெடிப்பு விடும். உட்புறச் சுவரில் தோன்றும் அந்த வெடிப்பைப் பட்டி வைத்து மூடுவோர் நோயின் அடையாளத்தை மட்டும் அழிக்கின்றனர்.

இந்த வட்டாரத்தில் சுண்ணாம்புக் கட்டுமானத்தின் தலைசிறந்த பாடநூல் சந்திரகிரி அரண்மனை. விஜயநகரப் பேரரசின் அரவீடு மரபினர் 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் பெனுகொண்டாவிலிருந்து தலைநகரைச் சந்திரகிரிக்கு மாற்றினர்; கோட்டைக்குள் இன்றும் நிற்கும் ராஜ மகாலும் ராணி மகாலும் அந்த அரசின் நினைவுகள். மூன்று தளங்கள் கொண்ட ராஜ மகால் கல், செங்கல், சுண்ணாம்புச் சாந்து ஆகியவற்றால் மட்டுமே ஆனது என்பதும், அதன் தளங்களையும் கூரையையும் தாங்க எங்கும் மரம் பயன்படுத்தப்படவில்லை என்பதும் அதன் தனிச்சிறப்பாகும். சென்னையில் செனட் மண்டபத்தையும் மாநிலக் கல்லூரியையும் வடிவமைத்த கட்டடக் கலைஞர் ராபர்ட் சிசோம், 1883ஆம் ஆண்டில் ‘இந்தியன் ஆன்டிகுவரி’ இதழில் இந்த அரண்மனையைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதினார். இன்று தொல்லியல் துறையின் அருங்காட்சியகமாக விளங்கும் இக்கட்டடத்தை ஒரு குடும்ப வீட்டோடு ஒப்பிடுவது பொருந்தாது என்று தோன்றலாம். அளவிலும் செல்வத்திலும் பொருந்தாதுதான். ஆயினும் வளைவுகளாலும் விதானங்களாலும் சுமையைக் கீழே இறக்கும் அந்தத் தடித்த சுவர்களும், அவற்றை மூடிய சுதையும், ஊர்க் கொத்தனார் தம் சிறிய வீட்டில் கையாண்ட அதே பொருளின் விரிந்த வடிவமே ஆகும். மரமின்றியும் ஒரு கட்டடம் நூற்றாண்டுகளாக வடகிழக்குப் பருவமழையைத் தாங்கி நிற்க முடிந்தது என்னும் செய்தி, சுண்ணாம்பு வலுவற்றது என்று இன்று பரவலாகச் சொல்லப்படும் கருத்துக்குப் போதுமான மறுமொழி.

வலுவைப் பற்றிய இந்தக் குழப்பம் தெளிவுபட வேண்டுமானால் காரையின் இயல்பை அறியவேண்டும். காரை என்பது அரைத்த சுண்ணாம்புச் சாந்து. சுண்ணாம்புக் கல்லையோ கிளிஞ்சலையோ ஏறத்தாழ 900 பாகை செல்சியஸ் வெப்பத்தில் சுடும்போது அதிலுள்ள கரியமில வாயு வெளியேறுகிறது. எஞ்சிய சுட்ட சுண்ணாம்பை நீரிலிட்டால் அது கொதித்து நீறுகிறது. நீறிய சுண்ணாம்பை மணலோடு கலந்து அரைத்துப் பூசியபின், அது காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல உட்கொண்டு மீண்டும் கல்லாக மாறுகிறது. இந்த மாற்றம் மேற்பரப்பிலிருந்து உள்நோக்கி மாதக்கணக்கில் நிகழ்வது. வெல்ல நீரைச் சேர்ப்பது மூடநம்பிக்கை அன்று; சர்க்கரை, நீரில் சுண்ணாம்பு கரையும் அளவைக் கூட்டுகிறது, கலவையைக் கைக்கு இசைவாக்குகிறது. கடுக்காயின் துவர்ப்புச் சாறும் சாந்தின் தன்மையைத் திருத்துவதற்காகவே சேர்க்கப்பட்டது. 1824ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்ற போர்ட்லண்ட் சிமெண்ட் இதைவிட விரைவாக இறுகும், மிகுதியான சுமையையும் தாங்கும். ஆனால் அந்த இறுக்கமே பழைய சுவருக்குப் பகையாகிறது.

பழைய சுவரின் அடித்தளத்தில் ஈரத்தைத் தடுக்கும் படலம் எதுவும் கிடையாது. அதனால் மண்ணின் ஈரம், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோலச் செங்கல்லின் நுண்துளைகள் வழியே மேலேறுகிறது. இவ்வாறு சுவருக்குள் ஊறி நிற்கும் ஈரத்தையே ஓதம் என்பர். ஓதம் தனியே வருவதில்லை. மண்ணிலுள்ள உப்புகளையும் கரைத்துக்கொண்டு வருகிறது. சுவரின் மேல் சுண்ணாம்புப் பூச்சு இருக்கும்வரை ஈரம் அதன் வழியே ஆவியாகி அறைக்குள்ளும் வெளியேயும் கலந்துவிடும். உப்பு பூச்சின் மேற்பரப்பில் வெள்ளைத் தூளாகப் பூக்கும். ஆண்டுக்கொருமுறை பெருக்கித் தள்ளிவிட்டு வெள்ளையடித்தால் போதும். பூச்சு உதிர்ந்தால் பூச்சுதான் போகும், சுவர் போகாது. அதாவது பூச்சு என்பது சுவருக்காகத் தேய்வதற்கென்றே இடப்பட்ட காப்பு. அதே சுவரைச் சிமெண்டால் பூசி, அதன்மேல் பிளாஸ்டிக் பெயிண்டும் அடித்துவிட்டால் ஈரத்துக்கு வெளியேற இடமில்லை. அது பூச்சுக்குப் பின்னால் தேங்கி, மேலும் உயர்ந்து, பூச்சு முடியும் இடத்தில் வெளிப்படுகிறது. உப்பு செங்கல்லின் உள்ளேயே படிகமாக வளர்ந்து, துளைகளை உடைத்து, செங்கல்லைப் பொடியாக்குகிறது. சில ஆண்டுகள் கழித்துச் சிமெண்டுப் பூச்சு பலகை பலகையாகப் பெயரும்போது அதன் பின்புறத்தில் செங்கல்லின் ஒரு படலமும் சேர்ந்தே வருகிறது. மூன்றடி உயரத்தில் நின்ற ஓதம் ஐந்தடிக்கு ஏறிவிட்டது என்று வீட்டார் வியப்பதற்கும், இவ்வளவு செலவுசெய்தும் பயனில்லை என்று மனம் சலிப்பதற்கும் காரணம் இதுவே.

2021ஆம் ஆண்டு நவம்பரில் திருப்பதியில் பெய்த பெருமழையில் தெருக்கள் ஆறாயின. ராயலசெருவு ஏரி உடையுமோ என்று கரையோர ஊர்கள் அஞ்சின. அத்தகைய வெள்ளத்துக்குப் பின் சுவரை உலரவிடும் காலமே மீட்டமைப்பின் முதற்கட்டம் ஆகவேண்டும். நீர் வடிந்த அடுத்த வாரமே பூச்சு வேலையைத் தொடங்குவதும், அகலமான செங்கற்சுவர் உலர ஓர் ஆண்டுகூட ஆகலாம் என்பதை மறப்பதும், ஈரத்தைச் சுவருக்குள் வைத்துத் தைப்பதற்குச் சமம். வெளியே தெருமட்டம் உயர்ந்திருக்கிறதா, திண்ணையின் அடியில் சாக்கடை கசிகிறதா, மாடியின் மழைநீர்த் தூம்பு சுவரோரமாகவே கொட்டுகிறதா என்று பார்க்காமல் உள்ளே கை வைப்பதில் பொருளில்லை. மீண்டும் மீண்டும் தார் போட்டு உயர்ந்த தெருக்களில் பல வீடுகளின் வாசற்படி இன்று பள்ளத்தில் இருக்கிறது. உட்புறத்தின் பழுதுக்கு மருந்து பெரும்பாலும் வீட்டுக்கு வெளியேதான் கிடைக்கிறது.

இதே இடத்தில் ஒரு கடினமான சிக்கலையும் எதிர்கொண்டாக வேண்டும். 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வசதியான வீடுகள் பலவற்றில் சிமெண்டோடு சிவப்பு இரும்பு ஆக்சைடைக் கலந்து, கண்ணாடிபோல் மெருகேற்றிய செந்தரையைப் போட்டனர். தலைமுறைகள் நடந்து நடந்து பளபளப்பேறிய அந்தத் தரை அழகானது. வீட்டின் வரலாற்றில் அதற்கும் உரிமையுண்டு. ஆனால் அதுவும் சிமெண்டே. கீழிருந்து வரும் ஈரத்தை அது தடுத்துச் சுவர்ப்பக்கம் திருப்பிவிடுகிறது. சுண்ணாம்பு மட்டுமே மரபு, சிமெண்ட் வந்தபின் நேர்ந்தவை எல்லாம் கேடு என்று கொள்வோர் இத்தரையைப் பெயர்த்துவிடச் சொல்வர். அது ஏற்கத்தக்கதன்று. தரையை அப்படியே காத்து, சுவரோரம் மட்டும் ஒரு சாண் அகலத்துக்குப் பிரித்து, அங்கே சுண்ணாம்பும் செங்கல்தூளும் கலந்த மூச்சுவிடும் பட்டை ஒன்றை அமைத்துவிட்டால் தரையும் நிற்கும், ஈரத்துக்கும் ஒரு வழி கிடைக்கும். இது முழுத் தீர்வன்று. ஒரு வீட்டின் இரண்டு உண்மைகளையும் மதிக்கும் சமரசம். கடப்பைக் கல் பாவிய சமையலறைகளுக்கு வேறொரு எச்சரிக்கை தேவை. அக்கல் சுண்ணாம்புக் கல்லே ஆதலால் புளியும் எலுமிச்சையும் பட்ட இடத்தில் மங்கும்; கறைபோக்குவதற்காக ஆசிட் ஊற்றிக் கழுவினால் கல்லின் முகமே கரைந்துபோகும்.

பூச்சைச் சுரண்டி எடுத்துவிட்டுச் செங்கல்லையோ கருங்கல்லையோ வெறுமனே காட்டும் மோகம் அண்மைக் காலத்தில் பரவியிருக்கிறது. விடுதிகளிலும் இதழ்களின் வண்ணப்படங்களிலும் அது பழைமையின் முத்திரையாகவே ஆகிவிட்டது. இம்மோகம் புதியதுமன்று, இந்தியாவுக்கு மட்டும் உரியதுமன்று. 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் தேவாலயங்களின் பழைய பூச்சைச் சுரண்டிப் ‘புதுப்பித்த’ போக்கைக் கண்டு கொதித்த வில்லியம் மோரிஸும் அவருடைய நண்பர்களும் 1877ஆம் ஆண்டில் பழங்கட்டடப் பாதுகாப்புக் கழகத்தை நிறுவினர். ‘சுரண்டல் எதிர்ப்பு’ என்னும் பட்டப்பெயரே அக்கழகத்துக்கு வாய்த்தது. அதே நூற்றாண்டில் பிரான்சின் வியோலே-லெ-தூக் ஒரு கட்டடத்தை எக்காலத்திலும் இருந்திராத முழுமைக்குக்கூடக் கொண்டுவரலாம் என்னும் கொள்கையோடு செயல்பட்டார். இன்றைய குடும்ப வீட்டுக்கு மோரிஸின் தயக்கமே பொருந்தும். திருப்பதி வட்டாரத்துப் பழைய வீட்டின் செங்கல், கண்ணுக்குக் காட்டுவதற்காகச் சுடப்பட்டதன்று. மெல்லியது, துளை மிகுந்தது, பூச்சு என்னும் தோலோடு வாழும்படி அமைந்தது. தோலை உரித்த உடல் அழகாகத் தோன்றுவது படத்தில்தான்.

சுரண்டும் முன் பூச்சைப் படிக்க வேண்டும். பல பதிற்றாண்டுகள் வெள்ளையடித்த சுவரில் அடுக்கடுக்கான சுண்ணாம்புப் படலங்கள் இருக்கும். அறையின் மறைவான ஒரு மூலையில், உள்ளங்கை அளவு இடத்தில், கூர்மையான சிறு கத்தியால் ஒவ்வொரு படலமாக எடுத்துப் பார்த்தால், நீலம் கலந்த வெள்ளையும் அதன் கீழே காவியும் அதன் கீழே மஞ்சளும் என்று அவ்வறை உடுத்த நிறங்கள் வரிசையாகத் தெரியவரும். ஒவ்வொன்றையும் ஒளிப்படமெடுத்துக் குறித்துவைத்தபின்னரே எந்த நிறத்துக்குத் திரும்புவது என்று குடும்பம் முடிவுசெய்ய வேண்டும். விளக்கு வைக்கும் மாடக்குழியின் மேல்விளிம்பில் படிந்த கரியை முழுவதும் கழுவிவிடக் கூடாது என்பதும் இதனோடு சேர்ந்ததே. பொங்கலுக்கு வெள்ளையடித்தவர்களும் அந்த இடத்தை விட்டுவைத்திருப்பார்கள் என்றால், அதில் ஒரு காரணம் இருந்திருக்கும்.

நிறத்தைவிட முக்கியமானது அறைகளின் ஒழுங்கு. இதற்குப் பழைய சித்தூர் மாவட்டத்தின் மதனப்பள்ளியிலேயே ஓர் அரிய சான்று உண்டு. தத்துவ அறிஞர் ஜே. கிருஷ்ணமூர்த்தி 1895ஆம் ஆண்டு மே மாதம் அவ்வூரில் ஒரு சிறிய வீட்டில் பிறந்தார். நீராடித் தூய ஆடை உடுத்தியபின்னரே நுழையத்தக்க பூஜை அறையில், பிள்ளைப்பேற்றைத் தீட்டாகக் கருதிய அக்கால வழக்கையும் மீறி, அவருடைய தாயார் சஞ்சீவம்மா அவரைப் பெற்றெடுத்தார் என்று வாழ்க்கை வரலாற்றாசிரியர் மேரி லட்யன்ஸ் பதிவுசெய்கிறார். அந்தச் செய்தி பொருள்படுவதற்குப் பூஜை அறை எங்கே இருந்தது, அதன் வாசல் எந்தப் பக்கம் திறந்தது, கூடத்துக்கும் அடுக்களைக்கும் அது எவ்வளவு அருகில் இருந்தது என்பவை தெரியவேண்டும். சுவரை இடித்துக் கூடத்தோடு சேர்த்து ‘ஹால்’ ஆக்கிவிட்டால், மீறப்பட்ட எல்லையும் மீறலின் துணிவும் ஒன்றாக மறைந்துபோகும். புகழ்பெற்றவர் பிறக்காத வீட்டுக்கும் இது பொருந்தும். வெளியாள் எதுவரை வரலாம், விலக்கான நாட்களில் பெண்கள் எங்கே இருத்தப்பட்டனர், கூலிக்காரர் எந்த வாசலில் நின்று கஞ்சி பெற்றனர் என்பதெல்லாம் வீட்டின் அமைப்பில் எழுதப்பட்டிருக்கிறது. அவற்றில் பெருமைப்பட முடியாதவையும் உண்டு; அந்த வழக்கங்களைத் தொடர வேண்டியதில்லை, ஆனால் அவற்றின் தடத்தை அழித்துவிட்டு இனிமையானதை மட்டும் மீட்டமைப்பது நேர்மையாகாது.

அறைகளின் ஒழுங்கைக் குலைத்ததில் பெயிண்டையும் சிமெண்டையும்விடப் பாகப்பிரிவினைக்குப் பங்கு அதிகம். அண்ணன் தம்பியர் பிரிந்தபோது முற்றத்தின் நடுவே சுவர் எழுந்தது. ஒருவருக்குத் திண்ணையும் கூடமும், மற்றவருக்குக் கிணறும் கொல்லையும் என்றாயிற்று. ஆந்திரப் பிரதேசம் தன் 1986ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தாலும், தமிழ்நாடு 1989ஆம் ஆண்டிலும், இந்திய நாடு முழுவதும் 2005ஆம் ஆண்டிலும் மகள்களுக்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் பிறப்புரிமையை வழங்கின. நெடுங்காலம் மறுக்கப்பட்ட நீதி அது. அதன் பின் வீட்டின் உரிமையாளர்கள் திருப்பதியிலும் சென்னையிலும் பெங்களூரிலும் அமெரிக்காவிலுமாகப் பலர் ஆனார்கள். அனைவரும் கையெழுத்திடாமல் ஒரு தூலத்தைக்கூட மாற்ற இயலாத நிலை பல வீடுகளில் உண்டு. தரையை அடி அடியாகப் பங்கிடுவதைவிட, வீட்டை முழுதாக வைத்துப் பயன்பாட்டையும் செலவையும் எழுத்து மூலமாகப் பங்கிடும் குடும்ப ஏற்பாடே பழைய வீட்டைக் காக்கும். முற்றத்தின் குறுக்குச் சுவரை எடுப்பது எந்தக் கொத்து வேலையையும்விடக் கடினமானது. வீட்டில் கிடைக்கும் ஓலைச்சுவடி, விக்கிரகம், ஓவியம் ஆகியவற்றையும் இந்தக் கட்டத்திலேயே பட்டியலிட்டுவிட வேண்டும். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டுக்கு மேற்பட்ட கலைப்பொருள்களும் எழுபத்தைந்து ஆண்டுக்கு மேற்பட்ட மதிப்புமிக்க சுவடிகளும் தொல்பொருள் என்னும் வரையறைக்குள் வருகின்றன.

முற்றத்தைப் பற்றித் தனியே சொல்லவேண்டும். திறந்த முற்றம் மழையை உள்ளே விடுகிறது என்பதே அதன் குற்றமாகக் கருதப்படுகிறது. ஆனால் பகலில் சூடேறிய காற்று மேலெழுந்து வெளியேறுவதும், சுவர்களிலிருந்து ஆவியாகும் ஓதம் அதனோடு போவதும் அந்த வாய் வழியேதான். அதை ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தகட்டால் மூடிவிட்ட வீட்டில் கோடையில் அனல் தேங்கும், மழையில் சுவர்கள் வியர்க்கும். சேஷாசல மலையடி ஊர்களில் குரங்குத் தொல்லை மெய்யானது. அதற்கு இரும்புக் கம்பி வலை போதும், கூரை வேண்டியதில்லை. முற்றத்து நீரை வெளியேற்றும் தூம்பு கல்லால் மூடப்பட்டு மறக்கப்பட்டிருந்தால் அதைத் தேடித் திறப்பது முழு வீட்டின் மீட்டமைப்பில் மிகக் குறைந்த செலவில் மிகுந்த பயன்தரும் வேலை. குளியலறையும் கழிப்பறையும் இன்றைய வாழ்வுக்குத் தவிர்க்க இயலாதவை. அவற்றைப் பழைய அறைகளுக்குள் புகுத்தாமல் கொல்லைப்புறத்தில் ஒட்டிக் கட்டினால், குழாய்க் கசிவு பழைய சுவரைத் தொடாது. மின்கம்பியைச் சுவரை வெட்டிப் புதைக்காமல் மரப்பட்டியில் வெளிப்படையாகவே கொண்டுசெல்லலாம். முதன்முதலாக இந்த வீடுகளுக்கு மின்சாரம் வந்ததும் அவ்வாறுதான்.

பிற ஊர்களின் பட்டறிவு இங்கே உதவும், எச்சரிக்கவும் செய்யும். புதுச்சேரியில் ஐரோப்பிய ஒன்றியத்தின் ‘ஆசியா உர்ப்ஸ்’ திட்ட உதவியோடு, இன்டாக் எனப்படும் இந்தியத் தேசியக் கலை, பண்பாட்டு மரபு அறக்கட்டளை, வைசியாள் வீதியின் தமிழ் வீடுகளை மீட்டமைத்தது. 2008ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபுரிமை விருதுகளில் அப்பணி சிறப்புப் பெற்றது. தெரு முழுவதும் ஒரே சீராகத் திண்ணையும் தூணும் ஓட்டுச் சாய்ப்பும் திரும்பி வந்தது பெரும் சாதனை. ஆயினும் பொதுப் பணத்தால் நடக்கும் திட்டங்கள் தெருமுகத்தோடு நின்றுவிடுவதே பெரும்பாலான இடங்களில் இயல்பு. நிலைவாசலுக்கு அப்பால் குடும்பத்தின் பொறுப்பு தொடங்குகிறது, அங்கே வழிகாட்டவும் உதவவும் ஆளில்லை. அதே புதுச்சேரியில் 19ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்ட நகரமன்றக் கட்டடமான மேரி, 2014ஆம் ஆண்டு நவம்பர் மழையில் இடிந்து விழுந்து, பின்னர் அதே வடிவில் மீண்டும் கட்டப்பட்டது. அழகிய முகப்பைக் கொண்ட கட்டடம் உள்ளூறிய நீரால் ஒரே நாளில் சரியக்கூடும் என்பதற்கு அதைவிடத் துயரமான சான்று தேவையில்லை.

செட்டிநாட்டின் பட்டறிவு வேறுவகையானது. 2014ஆம் ஆண்டு முதல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றிருக்கும் அவ்வூர்களில் சில வீடுகள் விடுதிகளாக நல்ல முறையில் மீட்கப்பட்டன. வேறு பல பிரிக்கப்பட்டு, அவற்றின் தேக்குத் தூண்களும் நிலைக்கதவுகளும் காரைக்குடியின் பழைய பொருள் கடைகளுக்கு வந்தன. திருப்பதியிலோ சித்தூரிலோ ஒரு வீட்டை ‘மரபு முறையில்’ அணிசெய்ய விரும்புவோர் அங்கிருந்து தூண் வாங்கிவந்து நிறுத்துவதுண்டு. இது மீட்டமைப்பு ஆகாது. அவ்வீட்டில் ஒருபோதும் இல்லாத தூண் அதன் வரலாற்றைப் பொய்யாக்குகிறது. அத்தூணுக்குக் கிடைக்கும் விலை இன்னொரு வீட்டைப் பிரிக்கத் தூண்டுகிறது. கரையான் அரித்த தூலத்தின் முனையை மட்டும் வெட்டி, அதே வகை மரத்தை இணைத்து, போரிக் அமிலமும் வெண்காரமும் கலந்த கரைசலை ஊட்டிப் பழைய மரத்தையே காப்பது செலவிலும் குறைவு, உண்மையிலும் கூடுதல்.

கைவினைஞர் இல்லை என்னும் முறையீடு இந்த வட்டாரத்தில் முழுவதும் பொருந்தாது. கல், மரம், சுதை, ஓவியம் ஆகிய மரபுக் கலைகளைக் கற்பிக்கும் சிற்பக் கல்லூரியைத் திருமலை திருப்பதி தேவஸ்தானம் திருப்பதியிலேயே நடத்துகிறது. ஏர்ப்பேடுக்கு அருகிலுள்ள மாதவமாலா மரச் சிற்பத்துக்குப் பெயர்பெற்ற ஊர். ஸ்ரீகாளஹஸ்தியில் கலம்காரி துணியோவியம் இன்றும் கையால் தீட்டப்படுகிறது. ஆனால் இத்திறன்கள் கோயிலையும் நினைவுப்பொருள் கடையையும் நோக்கியே வளர்ந்திருக்கின்றன. வீட்டுக்கு வேண்டியவர் விக்கிரகம் செதுக்குபவர் அல்லர். சுண்ணாம்பை நீற்றிப் பல வாரம் ஊறவைத்து அரைத்துப் பூசத் தெரிந்த கொத்தனார். அத்தகையோர் மிகச் சிலரே. 2004ஆம் ஆண்டில் இன்டாக் ஏற்றுக்கொண்ட மரபுரிமைச் சாசனம், சட்டப் பாதுகாப்பற்ற பழங்கட்டடங்களை வாழும் மரபின் பகுதியாகக் கண்டு, ஜீர்ணோத்தாரணம் என்னும் இந்தியப் புதுப்பித்தல் வழக்கத்துக்கும் கைவினைஞரின் அறிவுக்கும் உரிய இடத்தை அளித்தது. கோயில் திருப்பணிக்குக் காட்டும் அக்கறையில் ஒரு பங்கை வீட்டுக் காரைக்கும் காட்டி, சிற்பக் கல்லூரியில் சுண்ணாம்புப் பூச்சைத் தனிப் பாடமாக்கினால் பத்து ஆண்டுகளில் நிலைமை மாறும்.

வேலையின் கால ஒழுங்கையும் மழையே வகுத்துத் தருகிறது. இவ்வட்டாரத்தில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை மிகுதி. அந்த மூன்று மாதமும் எதையும் தொடாமல், வீட்டுக்குள் நீர் எங்கே சொட்டுகிறது, எந்தச் சுவரில் எவ்வளவு உயரம் ஏறுகிறது என்று அறைவாரியாகக் குறித்துவைப்பதே முதல் வேலை. தையில் தூம்பும் வடிகாலும். கோடை முழுவதும் தளமும் தூலமும். வெயில் தணிந்தபின், கடுங்காற்றில் விரைந்து உலர்ந்து வெடிக்காமலிருக்க ஈரச்சாக்கு போர்த்தி, உட்புறப் பூச்சு. சிமெண்டை எடுத்த சுவர்களைப் பூசும் முன் ஒரு கோடை வெறுமனே விடுவது நல்லது. பூசிய பின் அடுத்த மழைக்காலம் முடியும்வரை வெள்ளையைத் தவிர எந்த நிறமும் வேண்டாம். அம்மழையில் ஓதம் ஏறும், ஏறத்தான் செய்யும். அது நின்ற உயரத்தைச் சுவரிலேயே பென்சிலால் கோடிட்டு ஆண்டையும் எழுதிவைத்தால், அடுத்த கார்த்திகையில் வீட்டார் பார்க்கவேண்டியது ஈரம் அந்தக் கோட்டுக்கு மேலே நிற்கிறதா, கீழே நிற்கிறதா என்பதைத்தான்.